70, 100, 135: ரிசீவரில் எந்த வாட்டை நம்புவது?

தாம்வே வாசி

எல்லோருக்கும் வணக்கம். ஹாலுக்கு ஒரு ஏ.வி. ரிசீவர் (டிவி, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் இணைக்கும் ஆம்ப்) வாங்கவேண்டும். வழக்கமான ரங்கூன் அபார்ட்மென்ட்தான்: அகலம் பன்னிரண்டரை அடி, தடுப்பு வரைக்கும் நீளம் 18 அடி, டிவியிலிருந்து சோபா 10 அடி. முன்னால் வைக்க இரண்டு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரும் ஒரு சென்டரும் இருக்கிறது. எல்லாம் 8 ஓம், சென்சிட்டிவிட்டி 87 டெசிபெல். சப்வூஃபரில் சொந்த ஆம்ப் உண்டு. பின் ஸ்பீக்கர் பிறகு வாங்குவேன்.

கைக்கு எட்டும் விலையில் மூன்று செட் பார்த்து வைத்திருக்கிறேன்.

முதலாவது புதிய யமஹா ஆர்எக்ஸ்-வி385, 5.1 சானல், 230 வோல்ட். இதன் விவரத்தாளிலேயே 70, 100, 135 என்று மூன்று வாட் போட்டிருக்கிறது. இரண்டாவது ஜப்பானிலிருந்து வந்த பழைய 7.1 செட். ஸ்டிக்கரில் 7 × 150 வாட். பின் தட்டில் 100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ், 270 வாட். மூன்றாவது அமெரிக்க மார்க்கெட் செட், 7 × 90 வாட். பின் தட்டில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்.

உண்மையான பவர் எதற்கு அதிகம்? சத்தத்தின் தரத்தில் வித்தியாசம் தெரியுமா? எங்கள் தெருவில் சாயங்காலம் வோல்டேஜ் 195க்கு இறங்கும், நடுராத்திரியில் 240 காட்டும். இதையும் கணக்கில் எடுத்துச் சொல்லுங்கள்.

---

சிரியம் ஒலி

தம்பி, வாட் எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது. பக்கத்தில் நாலு விஷயம் எழுதியிருக்கும்: எத்தனை ஓம், எந்த அலைவரிசை அளவில், எவ்வளவு டிஸ்டார்ஷனில், ஒரே நேரத்தில் எத்தனை சானல் ஓடும்போது. இந்த நாலும் இல்லாத எண்ணை அப்படியே விட்டுவிடலாம்.

நீங்கள் சொன்ன யமஹாவே நல்ல உதாரணம். 70 வாட் என்பது 6 ஓமில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சானல் ஓடும்போது, 0.09 சதவீத டிஸ்டார்ஷனில் அளந்தது. 100 வாட் என்பது 1 கிலோஹெர்ட்ஸ் ஒற்றை ஸ்வரத்தில், ஒரே சானலில், 0.9 சதவீதத்தில். 135 வாட்டும் அதே ஒற்றை ஸ்வரம், ஒரே சானல்தான். ஆனால் டிஸ்டார்ஷனை 10 சதவீதம் வரை விட்டு அளந்திருக்கிறார்கள். ஜெய்ட்டா என்கிற ஜப்பானியத் தொழில் சங்கத்தின் முறை அது. 10 சதவீதம் என்றால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிட்ட நிலை. அந்த அளவில் வைத்து யாராலும் பாட்டு கேட்க முடியாது. ஆக மூன்று எண்ணும் பொய் இல்லை. ஒரே ஆம்ப்பை மூன்று விதமாக அளந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் ஸ்பீக்கர் 8 ஓம். 6 ஓமில் 70 வாட் தர ஆம்ப் சுமார் 20.5 வோல்ட் வெளியிடவேண்டும் (70ஐ 6ஆல் பெருக்கி வர்க்கமூலம்). அதே 20.5 வோல்ட்டை 8 ஓமில் போட்டால் 52 வாட்தான் வரும். சுமை குறைவதால் உள்ளே சப்ளை கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும், 55 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் உங்கள் வீட்டுக்கான எண்.

ஜப்பான் செட்டின் 150ஐ இந்த 70ஓடு ஒப்பிடாதீர்கள். அங்கே உள்ளூர் மாடல்களில் பெரிதாக அச்சடிப்பது பெரும்பாலும் அந்த 10 சதவீத எண்தான். விவரத்தாள் கிடைத்தால் ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி, ‘தெய்காகு’ என்று தொடங்கும் வரியில் என்ன வாட் என்று பாருங்கள். ‘ஜிட்சுயோ சைதாய்’ என்ற வரி அந்தப் பெரிய எண். 150ஐ யமஹாவின் 135க்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் அரை டெசிபெல் கூட இல்லை.

அமெரிக்க செட்டின் 90 வாட்தான் மூன்றிலும் நேர்மையான எண்ணாக இருக்க வாய்ப்பு. அங்கே 1974 முதல் எஃப்.டி.சி. (அமெரிக்க அரசின் வணிக ஆணையம்) விதி ஒன்று இருக்கிறது. அலைவரிசை, ஓம், டிஸ்டார்ஷன் எல்லாவற்றையும் சொல்லித்தான் வாட் விளம்பரம் செய்யவேண்டும். 2024இல் அதை இன்னும் இறுக்கினார்கள்: 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், டிஸ்டார்ஷன் 1 சதவீதத்துக்குள். ஆனாலும் 7 × 90 என்று படித்து 630 வாட் என்று நினைக்கவேண்டாம். இரண்டு சானல் ஓடும்போதுதான் 90. ஐந்து, ஏழு சானலும் ஒன்றாக முழுவேகத்தில் ஓடினால் இந்த வகை செட்களில் சானலுக்குப் பாதியளவு நின்றாலே நல்ல சப்ளை என்று சொல்வேன். படத்தில் எல்லா சானலும் ஒரே கணத்தில் உச்சத்துக்குப் போவது அபூர்வம் என்பதால் இது பெரிய குறையும் இல்லை.

இப்போது உங்கள் ஹாலுக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம். 10 அடி என்றால் 3 மீட்டர். திறந்த வெளியில் 1 மீட்டரிலிருந்து 3 மீட்டர் போவதற்குள் 9.5 டெசிபெல் குறையும். நான்கு சுவருக்குள் அதைவிடக் குறைவாகத்தான் குறையும், ஆனாலும் முழுசாகவே கழிப்போம். சோபாவில் உச்சம் 90 டெசிபெல் வேண்டும் என்று வையுங்கள். அபார்ட்மென்டில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாமல் இருக்க இதற்கு மேல் போகவே முடியாது. 1 மீட்டரில் 99.5 வேண்டும். ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 87 தருகிறது. மீதி 12.5 டெசிபெல்லுக்கு 18 வாட். யமஹாவின் 55லேயே மூன்று மடங்கு கையிருப்பு.

சினிமா தியேட்டரின் ரெஃபரன்ஸ் அளவு, அதாவது 105 டெசிபெல் உச்சம் வேண்டுமென்றால் இதே ஸ்பீக்கருக்கு 560 வாட் ஆகும். அதை இந்த மூன்றில் எதுவும் தராது. 55க்கும் 90க்கும் இடையே சத்தத்தில் வித்தியாசம் 2 டெசிபெல் சொச்சம். வால்யூம் குமிழில் சின்னத் திருகல் அது.

---

பட்டறைக்காரர்

மேலே அண்ணன் சொன்ன கணக்கு சரி. நான் கரண்ட் பக்கம் மட்டும் சொல்றேன், ஏன்னா நம்ம ஊர்ல செட் சாகுறது பாதி இதுலதான்.

ரிசீவர்ல ஆம்ப் பகுதிக்குப் போற சப்ளை பெரும்பாலும் ரெகுலேட் ஆகாதது. டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசி ஆக்குற பிரிட்ஜ் ரெக்டிஃபையர், ரெண்டு பெரிய கெப்பாசிட்டர், அவ்ளோதான். சுவர்ல வோல்டேஜ் இறங்கினா உள்ளேயும் அதே விகிதத்துல இறங்கும். பவர் அதோட வர்க்கத்துல விழும். 230க்கு 195 வந்தா 0.85. வர்க்கம் 0.72. 55 வாட் ஆம்ப் 40 வாட் ஆயிடும். சாயங்காலம் படம் பார்க்கும்போது சத்தம் வெடிக்கிற இடத்துல கரகரப்பு வந்தா ஸ்பீக்கரைத் திட்டாதீங்க, முதல்ல மீட்டரை வச்சு சுவரைப் பாருங்க.

ஜப்பான் செட்டுக்கு வருவோம். 50/60 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கறது நல்ல விஷயம். ஜப்பான்ல கிழக்கே 50, மேற்கே 60, அதனால டிரான்ஸ்ஃபார்மரை ரெண்டுக்கும் தாங்குற மாதிரிதான் சுத்தியிருப்பாங்க. நமக்கு வோல்டேஜை மட்டும் மாத்தினா போதும். ஆனா கடையில சும்மா ‘ஸ்டெப் டவுன்’னு கேட்டா 220க்கு 110 கொடுக்கறதைத்தான் தூக்கித் தருவாங்க. அது சரிபாதி. 230 வந்தா 115, ராத்திரி 240 வந்தா 120. நூறு வோல்ட் செட்டுக்கு இருபது சதவீதம் அதிகம். உள்ளே கெப்பாசிட்டர் தன் அளவுக்கு மேல போகும், டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், ஹீட் சிங்க் சும்மா இருக்கும்போதே கொதிக்கும். 220 போட்டா 100 வர்றதைக் கேட்டு வாங்குங்க, வாங்குமுன்ன அவுட்புட்டை மீட்டர்ல பாருங்க. சுமை இல்லாதப்போ 104, 105 காட்டினா சரி.

சைஸ்: பின் தட்டுல 270 வாட் இருந்தா ஸ்டெப் டவுன் 1000 வி.ஏ. (வோல்ட்டை ஆம்பியரால பெருக்கின அளவு) எடுங்க. 300 எடுத்தா என்ன ஆகும்னா, ரெக்டிஃபையர் கரண்டை ஒவ்வொரு அலையோட உச்சியில மட்டும் குத்திக் குத்தி இழுக்கும். வாட் சின்னதா இருந்தாலும் ஆம்பியர் உச்சம் பெருசு. சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அங்கே துவண்டுடும், பேஸ் வர்ற நேரம் வோல்டேஜ் விழும். சுவிட்ச் போடுற நொடியில இழுக்கற இழுப்பு வேற தனி.

முடிஞ்சா ரெண்டு சுற்றும் தனித்தனியா உள்ள ஐசொலேஷன் வகை. ஒரே சுற்று உள்ள ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் விலை கம்மி, லேசா இருக்கும். ஆனா அதுல நடுவுல கம்பி அறுந்தா 230ம் நேரா செட்டுக்குள்ளே போயிடும்.

அமெரிக்க செட்டு, 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் மட்டும்னு போட்டிருந்தா, நான் வேணாம்பேன். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாத்தும், ஹெர்ட்ஸை மாத்தாது. இரும்புக்குள்ளே ஓடுற ஃப்ளக்ஸ், அதாவது காந்த ஓட்டம், வோல்ட்டை ஹெர்ட்ஸால வகுத்த அளவு. 120/60 ரெண்டு. 120/50 போட்டா 2.4. இருபது சதவீதம் கூட. இரும்பு நிறைஞ்சுபோய் வெறும் சூடா மாறும். வேணும்னா 100 வோல்ட்லயே ஓட்டலாம், 100/50 திரும்ப ரெண்டு ஆயிடும், சூடும் அடங்கும். ஆனா பவர் 0.69 ஆகிடும், 90 வாட் 62 ஆகும். அப்புறம் அதுக்கு எதுக்கு அவ்ளோ காசு.

எதை வாங்கினாலும் முன்னாடி ஒரு ஸ்டெபிலைசர். சுவர், ஸ்டெபிலைசர், ஸ்டெப் டவுன், செட். இந்த வரிசைதான். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது ரெண்டு மூணு நிமிஷம் காத்திருந்து விடற டிலே உள்ளதா பாருங்க. வந்த நிமிஷம்தான் வோல்டேஜ் குதிக்கும். இன்வெர்ட்டர்ல ஓட்டினா சுத்தமான சைன் அலை வர்றதுல மட்டும். சதுர அலை இன்வெர்ட்டர்ல டிரான்ஸ்ஃபார்மர் இரையும்.

---

தாம்வே வாசி

ரொம்ப நன்றி அண்ணே. வீட்டில் 110 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று சும்மா கிடக்கிறது, அதை நம்பி ஜப்பான் செட்டை எடுக்க நினைத்திருந்தேன். இப்போது இல்லை.

இன்னும் இரண்டு. ஒன்று, 7 × 150 என்றால் 1050 வாட் ஆகிறது, ஆனால் பின் தட்டில் 270 தான். இதை வைத்தே அது டூப்பு என்று சொல்லிவிடலாமா? இரண்டாவது, மெனுவில் ஸ்பீக்கர் ஓமை 8லிருந்து 6க்கு மாற்றினால் பவர் கூடும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?

---

மோல்மேன் கேட்பாளர்

பின் தட்டு எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அது செட் இழுக்கக்கூடிய உச்ச அளவு என்று பலர் நினைக்கிறார்கள். பாதுகாப்புச் சோதனைக்காக மதிப்பிட்ட பவரில் எட்டில் ஒரு பங்கு ஓட்டி அளக்கிற வழக்கம் இருக்கிறது. ஏனென்றால் சாதாரணமாகப் பாட்டு ஓடும்போது சராசரி இழுப்பு அவ்வளவுதான். எனவே 270 போட்ட செட் ஒரு கணத்துக்கு 400, 500 இழுக்கலாம். ஆனாலும் அந்த எண் வீண் இல்லை. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலில் ஒன்று 270, மற்றது 500 என்றிருந்தால் எதில் சப்ளை பெரிது என்று தெரிந்துவிடும். எடையும் அதைத்தான் சொல்லும். சாதாரண கிளாஸ் ஏபி ரிசீவரில் கனம் எல்லாம் டிரான்ஸ்ஃபார்மரிலும் ஹீட் சிங்கிலும்தான்.

ஓம் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது தலைகீழ். குறைந்த ஓமுக்கு மாற்றினால் பல செட்களில் உள் சப்ளை வோல்டேஜைக் குறைத்துவிடும். செட் சூடாகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. பவர் குறையும், சீக்கிரம் கிளிப் ஆகும் (அலையின் உச்சி வெட்டுப்படும்). உங்கள் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 8லேயே விடுங்கள்.

இனி தரம். இதைத்தான் நீங்கள் முதலில் கேட்டீர்கள், பதில் இன்னும் வரவில்லை. கிளிப் ஆகாத அளவில், எல்லா திருத்தங்களையும் அணைத்துவிட்டு, இரண்டு நல்ல நிலையில் உள்ள ரிசீவர்களை ஒரே சத்தத்தில் வைத்தால் வேறுபடுத்துவது மிகமிகக் கடினம். கடையில் ‘இது இனிமை, அது கூர்மை’ என்று தோன்றுவதற்குப் பெரும்பாலும் காரணம், ஒரு செட் மற்றதைவிட அரை டெசிபெல், ஒரு டெசிபெல் கூடுதல் சத்தத்தில் ஓடுவதுதான். அந்த அளவு வித்தியாசம் காதுக்குச் சத்தமாகத் தெரியாது, தெளிவாகத் தெரியும். அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

சோதிக்க நினைத்தால் இப்படிச் செய்யுங்கள். 400 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்றை போனிலிருந்து ஓட்டுங்கள். ஸ்பீக்கர் மாட்டியபடியே அதன் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து 1 வோல்ட் வரும்வரை முதல் செட்டைத் திருப்புங்கள். அடுத்த செட்டையும் அதே 1 வோல்ட்டுக்கு, 2 சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள். 2 சதவீதம் என்றால் 0.2 டெசிபெல்லுக்குள் வந்துவிட்டது. 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம், விலை குறைந்த மீட்டர்கள் பல அங்கே தப்பாகக் காட்டும். இரண்டிலும் டோன், சரவுண்ட் மோட், ரூம் கரெக்‌ஷன் (மைக்கால் அளந்து அறைக்கேற்ப ஒலியைத் திருத்தும் வசதி) எல்லாம் அணைந்திருக்கவேண்டும். பிறகு எது ஓடுகிறதென்று தெரியாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

காதுக்கு உண்மையில் தெரியும் வித்தியாசம் ரூம் கரெக்‌ஷனிலிருந்து வருகிறது. யமஹாவில் ஒய்பாவோ, டெனான், மரன்ட்ஸில் ஆடிசி, பயனியரில் எம்கேக். பன்னிரண்டரை அடி அகல ஹாலில் இரண்டு பக்கச் சுவரும் ஸ்பீக்கரிலிருந்து மூன்று நான்கு அடிக்குள் நிற்கிறது. இரண்டு சுவருக்கும் நடுவே 45 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முழக்கம் கட்டாயம் உண்டு (ஒலி வேகம் 343 மீட்டர், அகலம் 3.8 மீட்டர், வேகத்தை அகலத்தின் இரட்டிப்பால் வகுத்தால் வரும்). சப்வூஃபரை மூலையில் தள்ளினால் இந்த முழக்கம் இன்னும் தூக்கும். சப்பை சோபா இருக்கும் இடத்தில் வைத்து ஒரு பேஸ் பாட்டை ஓட்டிவிட்டு, முன்சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். எங்கே பேஸ் சீராக இருக்கிறதோ அங்கேதான் சப்புக்கு இடம்.

அளவீட்டு மைக்கைக் கையில் பிடிக்காதீர்கள், சோபா முதுகில் சாய்க்காதீர்கள். கேமரா ஸ்டாண்டில், உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில், சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி. ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் எல்லாம் நிறுத்திவிட்டு. தெருவில் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் செய்தால் கீழ் அலைவரிசைக் கணக்கு கெட்டுப்போகும். முடிந்ததும் மெனுவைத் திறந்து பாருங்கள்: புக்ஷெல்ஃப்களை ‘லார்ஜ்’ என்று போட்டிருந்தால் ‘ஸ்மால்’ ஆக்கி, கிராஸ்ஓவரை (பேஸ் சப்புக்குப் பிரியும் எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். பவரை அதிகம் தின்பது பேஸ்தான். அதைச் சொந்த ஆம்ப் உள்ள சப்புக்குத் தள்ளிவிட்டால் ரிசீவரின் 40, 55 வாட்டும் தாராளம்.

என் கருத்து: யமஹா. வாட்டுக்காக இல்லை. 230 வோல்ட்டுக்கே செய்தது, நடுவில் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், 4கே படம் தடையில்லாமல் போகும். பழைய ஜப்பான் செட்டில் எச்.டி.சி.பி. 2.2 (4கே படத்துக்கான காப்புப் பூட்டு முறை) இல்லாவிட்டால் 4கே பெட்டியை நேரே டிவியில் மாட்டி, சத்தத்தை மட்டும் ஆப்டிகலில் கொண்டுவரவேண்டும். ஆப்டிகலில் பழைய டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1 வரும், டால்பியின் தரம் குறையாத ட்ரூஎச்டி வராது.

---

சிரியம் ஒலி

பின் தட்டு விஷயத்தில் கேட்பாளர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: ‘பி.எம்.பி.ஓ.’ என்று எங்கே எழுதியிருந்தாலும் அந்த எண்ணைப் படிக்கவே வேண்டாம். அதற்கு அளக்கும் முறை என்று எதுவும் கிடையாது. 3000, 5000 என்று ஒட்டியிருப்பார்கள்.

வயருக்கும் சொல்லிவிடுகிறேன். 10 மீட்டர் வரை போனால் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. போகவர 20 மீட்டருக்கு 0.14 ஓம்தான் வரும். மெல்லிய 0.75 வயரில் அது 0.46 ஓம். 8 ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். மேலே செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம் என்ற வயர் நிறைய விற்கிறது. நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அதை எடுத்தே ஆகவேண்டுமென்றால் இரண்டு சைஸ் தடிமனாக எடுங்கள்.

---

தாம்வே வாசி

யமஹாவே முடிவு செய்திருக்கிறேன். ஆனால் என் மாமா ஜப்பான் செட்டை எடுத்துக்கொள்கிறேன் என்கிறார், அவர் வீட்டு ஹால் பெரிது. கடையில் என்னென்ன பார்க்கச் சொல்லட்டும்?

---

பட்டறைக்காரர்

கையில ஒரு மல்டிமீட்டர், ஒரு சின்ன ஸ்பீக்கர், ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. செட்டை ஆன் பண்ணி அஞ்சு ஆறு செகண்டுல ரிலே (ஸ்பீக்கரை இணைக்கிற உள் சுவிட்ச்) ‘டிக்’னு விழணும். விழலைன்னாலும், விழுந்து விட்டு விட்டு அடிச்சாலும் வேணாம்.

வால்யூம் பூஜ்யம், ஸ்பீக்கர் மாட்டாம, ஒவ்வொரு சானல் முனையிலயும் டிசி மில்லிவோல்ட் பாருங்க. 20, 30க்குள்ள இருந்தா நல்லது. 50 தாண்டினா அந்த சானல்ல ஏதோ இருக்கு. ஏழு சானலையும் பார்க்கணும், முன் ரெண்டோட நிறுத்தக் கூடாது. அப்புறம் ஸ்பீக்கரை ஒவ்வொண்ணா மாத்தி மாட்டி ரொம்ப சின்ன வால்யூம்ல பாட்டு ஓட்டுங்க. சின்ன சத்தத்துல ஒரு சானல் மங்கி, வால்யூம் ஏத்தினதும் திடீர்னு சரியாச்சுன்னா ரிலே காண்டாக்ட் கருத்திருக்கு. அது மாத்தக்கூடிய வேலைதான், விலையில கழிச்சுக் கேளுங்க.

எச்.டி.எம்.ஐ. ஓட்டை எல்லாத்துலயும் படம் வருதான்னு அரை மணி நேரம் ஓட விட்டுப் பாருங்க. சூடானப்புறம் படம் போற போர்டு உண்டு. அது போனா ரிப்பேர் கட்டாது.

மேல் ஜாலி வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க. மழைக்காலத்துல கிடங்குல இருந்த செட்ல ஹீட் சிங்க் ஓரம் வெள்ளைப் பூப்பு, எறும்பு மண், பல்லி எச்சம் இருக்கும். பல்லி எச்சம் போர்டு மேல விழுந்த இடத்துல செம்பு பச்சை பிடிச்சுத் தடம் அறுந்துபோகும். கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தாலும், அடியில பிசின் மாதிரி கசிஞ்சிருந்தாலும் விட்டுடுங்க.

மைக் இருக்கான்னு கேளுங்க, பழைய செட்டோட அது வராது. கம்பெனி மாறினா மைக்கும் மாறும், ஒண்ணோடது இன்னொண்ணுக்குச் சரியா அளக்காது. மாமா எஃப்.எம். கேட்கிறவர்னா இதையும் சொல்லிடுங்க: பழைய ஜப்பான் டியூனர் 76லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். 90க்கு மேல உள்ள ஸ்டேஷன் எதுவும் அதுல வராது.

வீட்டுல வைக்கும்போது மேல ஒரு சாண் இடம் விடுங்க, டிவிடி பெட்டியைத் தூக்கி அது மேல வைக்காதீங்க. ஸ்பீக்கர் வயர்ல ஒரு இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் செட் புரொடெக்ஷன்ல போய் அணைஞ்சிடும். நுனியை முறுக்கி ஈயம் வைக்காம, பனானா பிளக் போட்டுடுங்க.